மூன்று ஆட்டங்களுக்கு அப்பா வரக் கூடாது

லைன்ஸ்மேனின் ஷூவில் மில்டன் வெந்நீர் ஊற்றியது தெரியாமல் நடந்ததா, வேண்டுமென்றே நடந்ததா என்பதில் சால்தோ நகரம் இன்னும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறது. மாத்தே என்கிற மூலிகைத் தேநீர் குடிக்கிற எல்லோரும் வெந்நீர் ஃபிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டுதானே ஆட்டம் பார்க்கிறார்கள், ஆத்திரத்தில் கையை ஆட்டியபோது மூடி கழன்றுவிட்டது என்பது மில்டன் தரப்பு. கொட்டிய வெந்நீர் அத்தனை பேரை விட்டுவிட்டு லைன்ஸ்மேனின் காலை மட்டும் தேடிப் போகுமா என்பது லீக் விசாரணைக் குழுவின் தரப்பு.

போன வாரம் குழு ஜெயித்தது. மூன்று ஆட்டங்களுக்கு மில்டன் மைதானத்துக்குள் காலடி வைக்கக் கூடாது.

இந்தத் தீர்ப்பைக் கேட்டு ஊரிலேயே மனதார சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவனுடைய மனைவி ஸுல்மா.

பின்னே என்ன? ரிபேரா கிளப்பின் பெண்கள் அணிக்கு அவள்தான் கோச். மகள் பியெரினா அந்த அணியின் ஃபார்வேர்ட். அம்மா ஒரு பக்கம் நின்று சொல்லிக்கொடுப்பாள். அப்பா கோலுக்குப் பின்னால் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு விசிலடிப்பார். சாதாரண விசில் இல்லை. இரண்டு விரலை நாக்குக்கடியில் வைத்து அவன் ஊதினால் தெருநாய்கள் திரும்பி வந்து நிற்கும். பியெரினா ஆறு வயதில் குட்டிப் பிள்ளைகள் ஆட்டத்தில் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து இந்த இம்சை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஸுல்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். எதிரே மில்டன், சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்து மாத்தேயை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு மட்டும் என் உயிர வாங்காதே மில்டன். ராக்கேல் வரா," என்றாள்.

"தெரியும் கெழவி. அதான் வயிறு எரியுது."

ராக்கேல் ஒத்ரியோசோலா மாவட்டப் பெண்கள் அணியின் கோச். அணியில் ஒரு ஃபார்வேர்ட் இடம் காலியாக இருந்தது. பியெரினாவைப் பார்க்கத்தான் இன்று வருகிறாள். அந்த இடத்துக்காக பியெரினா இரண்டு குளிர்காலம் காத்திருந்தாள். மாவட்டச் சட்டையின் நிறத்தில் ஒரு ரிப்பன்கூட வாங்கி, யாருக்கும் தெரியாமல் அலமாரியில் வைத்திருந்தாள்; அம்மாவுக்குத் தெரியாமல் அலமாரியில் எதையாவது வைக்க முடியுமா என்ன?

"மைதானத்துக்குள்ள வர மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"மைதானத்துக்குள்ள வர மாட்டேன். போதுமா?"

இவ்வளவு சுலபமாகச் சத்தியம் செய்கிறவன் இல்லையே என்று ஸுல்மாவுக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வெண்ணெய் தடவுகிற சந்தோஷம் அப்படி.

பியெரினா ரொட்டியைத் தொடவே இல்லை. அப்பா நிஜமாகவே வர மாட்டாரா, தூரத்தில்கூட நிற்க மாட்டாரா என்று இரண்டு தடவை கேட்டாள். பெண் குழந்தைக்கு அப்பா மேல் பாசம் என்று ஸுல்மா நினைத்துக்கொண்டாள்.

ஸுல்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். முன்னால் நின்று ஆடுகிறவளுக்குக் காலைவிடக் கழுத்துதான் முக்கியம் என்பது அவள் கட்சி. பந்து காலுக்கு வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட வேண்டும். பின்னால் நிற்கிறவள் நெருங்கி வருகிறாளா, விலகிப் போகிறாளா? நெருங்கினால் பந்தை விடு. விலகினால் ஓடு. கோல்கீப்பர் பக்கத்துக் கம்பத்தில் ஒட்டியிருந்தால் தூரத்துக் கம்பத்துக்கு அடி. இதையெல்லாம் பந்து வந்தபிறகு யோசித்தால் பந்து போய்விடும்.

இதற்காக அவள் ஒரு பயிற்சி வைத்திருந்தாள். ஆடுகிற பெண்ணுக்குப் பின்னால் ஒருத்தி மஞ்சள் துணியோ சிவப்புத் துணியோ தூக்கிப் பிடிப்பாள். பந்து வந்து சேருமுன் திரும்பிப் பார்த்து நிறத்தைச் சொல்ல வேண்டும். மஞ்சள் என்றால் பந்தோடு திரும்பு, சிவப்பு என்றால் திருப்பிக் கொடு.

நோயெலியா சொல்லிவிடுவாள். இவானா சொல்லிவிடுவாள். கோல்கீப்பர் பெண்கூட விளையாட்டுக்கு வந்து நின்று சரியாகச் சொல்லிவிட்டுப் போவாள். பியெரினா மட்டும் பந்து காலில் பட்டு, முட்டியில் பட்டு, வெளியே உருண்டபிறகு "மஞ்சள்" என்பாள். துணி சிவப்பாக இருக்கும்.

ஸுல்மா தலையில் அடித்துக்கொள்ளாத செவ்வாய்க்கிழமை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே பெண் வேறு பெண். எப்போது அடிக்க வேண்டுமோ அப்போது அடிப்பாள், எப்போது கொடுக்க வேண்டுமோ அப்போது கொடுப்பாள். ஆட்டத்தின் சூடு ஏறினால்தான் சிலருக்குக் கண் திறக்கும் என்று ஸுல்மா இதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கோச்சுகள் கூட்டத்தில் எழுந்து நின்று அதைப் பேசியும் இருக்கிறாள். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள்.

மதியம் ஆட்டம் தொடங்கியது. ராக்கேல் சிமெண்ட் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து, தன் மாத்தேயைத் தானே ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. வேலியோரக் கடையில் சொரீஸோ என்கிற கறிக்குழல் சுடுகிற புகை மட்டும் அவள் பக்கம் போனது.

முதல் வாய்ப்பு சீக்கிரமே வந்தது. பியெரினா பந்தோடு ஓடினாள், எதிரே ஒரே ஒரு டிஃபெண்டர், அவளும் பயந்து பின்வாங்கிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் நோயெலியா கையைத் தூக்கியபடி ஓடி வருகிறாள். அப்படியே ஓடு, இல்லாவிட்டால் கொடு. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் கோல். பியெரினா இரண்டையும் செய்யவில்லை. ஓட்டத்தைக் குறைத்து, தலையைத் தூக்கி, கோலுக்குப் பின்னால் இருந்த கம்பிவேலியைப் பார்த்தாள். டிஃபெண்டர் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனாள், நன்றி சொல்லாததுதான் பாக்கி.

அடுத்த தடவை டிஃபெண்டர் பாய்ந்து வரும்போது, மைதானத்தின் பாதியிலிருந்து கோலுக்கு அடித்தாள். பந்து சொரீஸோ கடைக்குப் போனது. அதற்கடுத்து பெனால்ட்டி பாக்ஸுக்குள்ளேயே பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றாள். சும்மா நின்றாள். ஸுல்மாவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. அந்தப் பக்கம் எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டுப் போய்விட்டது.

மூன்று தடவையும் பெண் கம்பிவேலியைத்தான் பார்த்தாள் என்பது ஸுல்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கோல்கீப்பரைப் பார்க்கவில்லை, நோயெலியாவைப் பார்க்கவில்லை. வேலிக்குப் பின்னால் மில்டன் வழக்கமாக நிற்கிற, இன்றைக்குக் காலியாக இருக்கிற இடத்தைப் பார்த்தாள்.

ஹாஃப் டைமில் மற்றவர்களை ஆரஞ்சுத் துண்டுகளோடு விட்டுவிட்டு மகளை மட்டும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அங்க என்னடி தேடற?"

பியெரினா மறுபடி காலி வேலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா இல்லன்னா பந்து ஆட வராதா உனக்கு?"

"அப்பா இல்லன்னா எப்படிம்மா தெரியும்?"

"என்ன தெரியும்?"

பெண்ணிடமிருந்து எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. நீளமா ஒண்ணு ஊதினா கோலுக்கு அடிக்கணும். சின்னதா ரெண்டு ஊதினா பாஸ் பண்ணணும். கீழேருந்து மேலே போற மாதிரி ஊதினா பந்த விடாம ஓடணும். கோலுக்குப் பின்னாடி நின்னா அப்பாவுக்கு எல்லாரும் தெரிவாங்க. குட்டியா இருந்தப்போ விளையாட்டுக்கு ஆரம்பிச்சது. அப்புறம் நிறுத்தவே இல்ல. செவ்வாய், வியாழன் அப்பா லாரியில ஆரஞ்சு ஏத்திட்டுப் போயிடுவாரு, அதனாலதான் பயிற்சியில ஒண்ணும் வரல.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா," என்றாள் கடைசியாக. "இத்தனை வருஷமா நீயும் கேட்டுட்டுதானே இருந்த?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இந்தச் சத்தத்தால் என் பெண்ணின் கவனம் சிதறுகிறது என்று ஊர் முழுக்கப் புலம்பிக்கொண்டுதான் இருந்தாள். மஞ்சள் துணி, சிவப்புத் துணி, தோளுக்குப் பின்னால் பார்க்கிற கழுத்து, கோச்சுகள் கூட்டத்தில் பேசிய பேச்சு எல்லாம் ஒரு நிமிடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் போயிற்று. அவள் நான்கு வருடமாகச் சொல்லிக்கொடுத்த எதுவும் அந்தப் பெண்ணுக்குள் போகவில்லை. ஸுல்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

ரெஃப்ரி அழைத்தார். இரண்டாவது பாதியில் ரிபேரா தாக்க வேண்டிய கோல், தெருப்பக்கத்து மதிலை ஒட்டியது.

அணிகள் போய் நிற்பதற்குள் மதிலுக்கு வெளியே ஒரு என்ஜின் உறுமி அடங்கியது. மதிலுக்கு மேல் முதலில் ஆரஞ்சுப் பெட்டிகள் தெரிந்தன. பிறகு பெட்டிகளின் மேல் ஏறி நிற்கிற மில்டன் தெரிந்தான், அக்குளில் ஃபிளாஸ்க்கோடு.

கூட்டம் சிரித்தது. ரெஃப்ரி லாரியைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். தீர்ப்பில் மைதானம் என்றுதான் இருந்ததே தவிரத் தெரு என்று இல்லை. தோளைக் குலுக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார்.

போ, போய்த் தொலை என்று ஸுல்மா கையைக் காட்டினாள். அவன் உற்சாகமாக ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினான். அதைக்கூடத் தாங்கியிருப்பாள். லாரியைப் பார்த்ததும் மகளின் முகம் மலர்ந்ததே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பந்து பியெரினாவிடம் வந்தது. இரண்டு சின்ன விசில். தலையைத் தூக்காமலேயே இடது பக்கம் தள்ளினாள், அங்கே நோயெலியா, கோல். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நீள விசில். திரும்பிய வேகத்தில் அடித்தாள். தூரத்துக் கம்பத்தின் உட்பக்கம் உரசிக்கொண்டு உள்ளே போனது.

ராக்கேல் மாத்தேயைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

கிளப் செயலாளர் ஓடிவந்து ஸுல்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த மாதிரிப் பார்த்து ஆடுவதற்கு நீ ஒருத்திதான் இந்த ஊரில் சொல்லித்தர முடியும் என்றார். வேலியோரம் நின்ற பெண்களும் அதையே சொன்னார்கள். ஒவ்வொருவர் சொல்வதும் அவள் கன்னத்தில் அறைகிற மாதிரி இருந்தது.

சும்மா இருந்துவிடலாம். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பெண்ணுக்கு அந்தச் சட்டை கிடைத்துவிடும். அப்புறம்? அர்த்திகாஸில் ஆட்டம், தலைநகர் மோந்தெவிதெயோவில் பெரிய மைதானத்தில் ஆட்டம். அங்கெல்லாம் லாரியை எந்த மதிலோரம் நிறுத்துவான்? ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில் இவள் பந்தின் மேல் காலை வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்தபடி நிற்பாள். ஸுல்மாவுக்கு அது கண்ணெதிரே தெரிந்தது.

ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்னால், ஆற்றங்கரையில் உட்கார்ந்து, மில்டனுக்கு விசிலடிக்கச் சொல்லிக்கொடுத்ததே ஸுல்மாதான்.

பியெரினா மறுபடி பந்தோடு பாய்ந்தாள். லாரியிலிருந்து இரண்டு சின்ன விசில் வந்தது. ஸுல்மா விரலை வாயில் வைத்து நீளமாக ஒன்று ஊதினாள்.

பெண் தடுமாறிப் போனாள். கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். பந்து வெளியே உருண்டது. மில்டன் பெட்டிகளின் மேல் நின்று, விசில் எங்கிருந்து வந்தது என்று சுற்றும் முற்றும் பார்த்தான். கண்டுபிடிக்க அவனுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

அடுத்த தடவை அவன் நீளமாக ஊதினான், இவள் இரண்டு சின்னதாக ஊதினாள். கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் விசிலில் சண்டை போடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, வேலியோரம் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரெஃப்ரி வந்து, இன்னொரு தடவை ஊதினால் நீங்களும் லாரியில் ஏற வேண்டியதுதான் என்று எச்சரித்துவிட்டுப் போனார். பியெரினா நடு மைதானத்தில் நின்று அம்மாவையே பார்த்தாள். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

ஆட்டம் முடிய வேண்டிய நேரம். வலது பக்கத்திலிருந்து ஒரு பந்து பாக்ஸை நோக்கி வேகமாக உருண்டு வந்தது. மில்டன் ஊதினான். எச்சரிக்கையை மறந்து ஸுல்மாவும் ஊதினாள். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, எது எதுவென்று தெரியாத ஒரே கூச்சலாகிவிட்டது.

பியெரினா லாரியைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். ஸுல்மா அதைத் தன் கண்ணால் பார்த்தாள். முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு டிஃபெண்டர். கோல்கீப்பர் இவளைக் குறிவைத்து முன்னால் வந்துவிட்டாள். நோயெலியாவை இரண்டு பேர் மறித்திருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் பின்னால், யாருமே கவனிக்காத இடத்தில் இவானா ஓடி வந்துகொண்டிருந்தாள்.

பந்து காலுக்கு வந்தது. பியெரினா அதை அடிப்பது போலக் காலை வீசி, தொடாமல் தூக்கிவிட்டாள். பந்து அவள் கால்களுக்கிடையே புகுந்து நேராக இவானாவிடம் போயிற்று. டிஃபெண்டரும் கோல்கீப்பரும் பியெரினாவின் மேல் விழுந்தார்கள். எதிரே ஆளே இல்லாத கோல்.

இவானா அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

திரும்பிய பந்தை எடுத்துக்கொண்டு எதிரணி அந்தக் கோடிக்கு ஓடி, சமன் செய்துவிட்டது. இரண்டுக்கு இரண்டு. ரெஃப்ரி ஊதி முடித்தார். ஜெயித்த ஆட்டத்தைப் பந்தைத் தொடாமல் விட்டுத் தோற்றாள் என்று யாரோ வேலியோரம் திட்டினார்கள். தோற்கவில்லை, சமன்தான், ஆனால் திட்டுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியமில்லை. மில்டன் ஆரஞ்சுப் பெட்டியின் மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ராக்கேல் படியிறங்கி நேராக ஸுல்மாவிடம் வந்தாள். ஸுல்மா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவள் கேட்க விடவில்லை.

"அந்த ரெண்டு கோல வெச்சு எடுக்கறதா இருந்தா, லாரியையும் சேத்துதான் எடுக்கணும்."

"தெரியுதுங்க."

"கடைசிப் பந்து. கால்ல வாங்காம விட்டாளே, அதுக்கு என்ன விசில்?"

ஸுல்மா யோசித்தாள். யோசிக்க ஒன்றுமில்லை.

"அதுக்கு விசில் கிடையாதுங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். புதன்கிழமை அனுப்பு. வாசல பூட்டிட்டுதான் பயிற்சி. அவனும் வரக் கூடாது, நீயும் வரக் கூடாது." போகிறபோது திரும்பி, இன்னொன்றும் சொன்னாள். "அவளே ஒத்துக்கிட்டு வரணும். நீங்க ரெண்டு பேரும் புடிச்சுத் தள்ளி வந்தா எனக்கு வேணாம்."

ஸுல்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நான்கு வருடக் கழுத்து, கடைசியில் ஒரே ஒரு தடவை திரும்பியதே. கட்டிப்பிடித்துச் சொல்ல வேண்டும் என்று உடை மாற்றுகிற அறைக்கு ஓடினாள்.

அறையில் மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். வாசலில் இவானா மட்டும் பையோடு காத்திருந்தாள், அழுத கண்ணோடு. பியெரினா பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வருவது தெரிந்தும் நிமிரவில்லை.

"பாப்பா, ராக்கேல்…"

"ஒண்ணு கேக்கட்டுமா?" பெண்ணின் குரலில் கோபம்கூட இல்லை. "அப்பா நான் கோல் போடணும்னு ஊதினாரு. நீ எதுக்கும்மா ஊதின?"

பதில் தயாராகத்தான் இருந்தது. உன் நன்மைக்கு, உன் வருங்காலத்துக்கு, மோந்தெவிதெயோவில் நீ அவமானப்படக் கூடாது என்பதற்கு. எல்லாம் உண்மைதான். ஆனால் விரலை வாய்க்குக் கொண்டுபோன அந்த நொடியில் மனதில் இருந்தது செயலாளர் குலுக்கிய கை. தான் சொல்லித்தந்தது என்று ஊர் மெச்சிய ஆட்டம் தான் சொல்லித்தந்தது இல்லை என்பது. மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஸுல்மாவால் பொய் சொல்ல முடியவில்லை.

"எனக்குப் பொறுக்கலடி," என்றாள்.

பியெரினா தலையாட்டினாள், எதிர்பார்த்த பதில்தான் என்பது போல. அவிழ்த்த பூட்ஸ் இரண்டையும் கயிற்றோடு சேர்த்து முடிந்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இனிமே நீங்க ரெண்டு பேருமே ஆடிக்கோங்க," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இவானாவோடு வெளியே போனாள்.

கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை, புதன்கிழமை போ என்று. ஆனால் கூப்பிட்டுச் சொன்னால் அது பிடித்துத் தள்ளுவது ஆகிவிடும், சொல்லாவிட்டால் அந்தச் சட்டை போய்விடும். சேறு ஒட்டிய பூட்ஸைக் கையில் பிடித்தபடி ஸுல்மா வாசலில் நின்றாள். மகள் லாரி நிற்கிற தெருவை விட்டுவிட்டு, ஆற்றுப் பக்கம் போகிற தெருவில் திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.